திரையில் இயங்கும் பொறிமுறை

பொறி என்பதும் பொறிமுறை என்பதும் உலக வழக்கில் ஒரே பொருளனவாய் வழங்கினும், பொறியியலார் அவற்றை வேறுபடுத்திக் காண்பர். ஆற்றலைப் பெற்று ஒரு தொழிலைச் செய்து முடிப்பது பொறி. அப்பொறியினுள்ளே நின்று ஓரியக்கத்தை மற்றோரியக்கமாக மாற்றித் தரும் உறுப்புத் தொகுதி பொறிமுறை. தையற்காரரின் கால் மேலுங் கீழுமாக அசைகின்றது. தையலியந்திரத்தின் சில்லோ ஒரே திசையிற் சுழல்கின்றது. இவ்விரண்டுக்கும் இடைநின்று ஊசலசைவைச் சுழற்சியாக மாற்றும் கோல்களின் கூட்டம் ஒரு பொறிமுறையாகும். அதன் ஒவ்வோர் உறுப்பும் எளியது. உறுப்புக்கள் ஒன்றுகூடிச் செய்யும் இயக்கமோ எளிதில் மனத்துள் அடங்குவதன்று.

இத்தகைய பொறிமுறைகளை முன்னாளிற் கடதாசியில் வரைந்தனர்; இந்நாளிற் கணனியில் வரைகின்றனர். கணனி அவற்றை வரைதற்கு உதவுவதோடு அமையாது, வரைந்ததை இயக்கியுங் காட்டுகின்றது. இவ்வாறு இயக்கத்தைத் திரையில் நிகழ்த்திக் காண்பதை உருவகப்படுத்தல் என்பர். பொத்தானொன்றை அழுத்திய அளவிற் கோல்கள் அசைவதைக் காணும் மாணவனுக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. ஆயின், திரையில் ஒன்று அசைகின்றது என்பதனால் அஃது இரும்பிலும் அசையும் என்று துணியலாமோ? துணியலாகாதெனின், அவ்வுருவகத்திலிருந்து நாம் கற்கத்தக்கது யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு

பொறிமுறை வரைதல் எத்துணைக் கடினமானது என்பதற்கு ஜேம்ஸ் வாற் என்பாரின் முயற்சி ஒரு சான்று. அவர் அமைத்த நீராவி எஞ்சினில் முசலத்தின் கோல் நேர்கோட்டில் ஏறியிறங்கல் வேண்டும். அதனோடு இணையும் பெருவிட்டத்தின் நுனியோ வட்டவில்லில் அசையும். நீராவி முசலத்தை ஒரு திசையில் மாத்திரம் செலுத்திய காலத்தில் அவ்விரண்டையுஞ் சங்கிலியாற் பிணைத்தல் போதியதாயிருந்தது. இருதிசையிலுஞ் செலுத்தத் தொடங்கிய பின்னர், இழுக்கவல்லதாயினுந் தள்ளமாட்டாத சங்கிலி பயன்படாதாயிற்று. 1784 ஆம் ஆண்டில் வாற் சில கோல்களை இணைத்து, அவற்றுள் ஒரு புள்ளி ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்லுமாறு செய்தார். தாம் கண்ட பிறவற்றினும் இதனையே பெருமைக்குரியதாகத் தாம் கருதுவதாக அவர் பிற்காலத்தில் எழுதினார். அவர் கண்டது நேர்கோட்டுக்கு அண்ணளவானதே. தளத்தில் இயங்குங் கோல்களைக் கொண்டு உண்மையான நேர்கோட்டைப் பெறும் வழியைப் பிரான்சியப் படைவீரரான போசெலியே 1864 இல் வெளியிட்டார். இடைப்பட்ட காலம் எண்பது ஆண்டு.

1875 இல் ஜேர்மானியப் பேராசிரியர் பிரான்ஸ் றூலோ பொறிகளின் இயக்கவியலை ஒழுங்குபட்ட ஒரு துறையாக வகுத்து நூல் செய்தார். அதன் பின்னரும் வரைவாளனின் உழைப்புக் குறைந்திலது. ஒரு கோல் ஒரு சுற்றுச் சுற்றுங்கால் மற்றைக் கோல்கள் எங்கெங்கு நிற்கும் என்பதை அறிய, அவன் கவராயத்தைக் கொண்டு ஒவ்வொரு நிலையையுந் தனித்தனியே வரைய வேண்டியிருந்தது. 1951 இல் ஹறோன்ஸ், நெல்சன் என்னும் இருவர் நான்குகோற் பொறிமுறைகள் வரையும் வளையிகளுள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவற்றைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டனர். தமக்கு வேண்டிய வளையியைப் பொறியியலார் அந்நூலின் பக்கங்களைப் புரட்டித் தேடினர்.

இந்நிலை மாறுதற்கு வழிதிறந்தவர் ஐவன் சதர்லாந்து. 1963 இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திற்கு அவர் அளித்த ஆய்வு, ஸ்கெச்பாட் என்னும் வரைதல் முறையைப் பற்றியது. ஒளிப்பேனாவினால் திரையில் கோடுகளை வரைந்து, ‘இவ்விரு கோடுகளுஞ் சமாந்தரமாதல் வேண்டும்’, ‘இவை நீளத்தில் ஒத்தல் வேண்டும்’ என்று பணிக்க, கணனி அப்பணிகளை நிறைவேற்றும். கோல்களை இணைத்த உருவொன்றை வரைந்து, ஒரு கோலை அசைக்க ஏனையவை தாமே இசைந்து அசைவதையும் அவர் காட்டினார். ஆகவே, கணனி வரைதல் தோன்றிய காலத்திலேயே பொறிமுறையின் இயக்கமும் அதனுள் அடங்கியிருந்ததென்பது கருதத்தக்கது. 1982 இல் வெளிவந்த ஓட்டோகாட், 1995 இல் வெளிவந்த சொலிட்வேர்க்ஸ் என்பவற்றின் வழியாக இக்கலை சிறு கணனிகளுக்கும் வந்தெய்தியது. விலையின்றிக் கிடைக்கும் பிறீகாட் என்னும் மென்பொருளும், 2024 இல் வெளிவந்த தன் முதலாம் பதிப்பில், உறுப்புக்களை ஒன்றுசேர்க்கும் பகுதியைத் தன்னகத்தே கொண்டுள்ளது. எனவே, பொருள்வளம் இல்லாத பாடசாலைக்கும் இவ்வாயில் திறந்தேயிருக்கின்றது.

கணனி செய்வது யாது?

திரையிற் காணும் அசைவு மாயமன்று, கேத்திரகணிதமே. கால்மிதித் தையலியந்திரத்தின் அடிப்பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன்கண் நான்கு உறுப்புக்கள் உள. அசையாது நிற்குஞ் சட்டம் ஒன்று. சில்லோடு சேர்ந்து சுழலுஞ் சிறுகோல் ஒன்று. இதனைச் சுழல்கோல் என்போம். மிதிபலகை ஒன்று, இது தன் அச்சைப் பற்றி ஆடுவதாலின் ஆடுகோல் எனப்படும். ஆடுகோலையுஞ் சுழல்கோலையும் இணைக்கும் நெடுங்கோல் ஒன்று, இஃது இணைகோல். கணக்கின் எளிமை கருதிச் சுழல்கோல் 5 சதமமீற்றர், இணைகோல் 38 சதமமீற்றர், ஆடுகோல் 16 சதமமீற்றர், சட்டத்தின் இரு அச்சுக்களுக்கும் இடைத்தூரம் 40 சதமமீற்றர் எனக் கொள்வோம்.

சுழல்கோல் ஒரு குறித்த கோணத்தில் நிற்கின்றதாக. அதன் நுனியை மையமாகக் கொண்டு 38 ஆரையுள்ள வட்டமொன்றும், ஆடுகோலின் அச்சை மையமாகக் கொண்டு 16 ஆரையுள்ள வட்டமொன்றும் வரைக. அவை வெட்டும் புள்ளியே ஆடுகோலின் நுனி நிற்கத்தக்க இடம். மாணவன் கவராயத்தாற் செய்யும் இதனையே கணனி சமன்பாடுகளாற் செய்கின்றது. சுழல்கோலைச் சிறிதே திருப்பி மீண்டுஞ் செய்கின்றது. இவ்வாறு ஒரு சுற்றுக்கு நூற்றுக்கணக்கான நிலைகளைக் கண்டு அடுத்தடுத்துக் காட்ட, நம் கண் அவற்றை ஓரியக்கமாகக் கொள்கின்றது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இரு வட்டங்கள் பொதுவாக இரண்டு புள்ளிகளில் வெட்டும். ஆகவே விடையும் இரண்டு. பொறிமுறையை ஒருவாறு பொருத்தினால் ஒரு விடையும், மறுவாறு பொருத்தினால் மற்றை விடையும் பெறப்படும். கணனி பெரும்பாலும் முந்திய நிலைக்கு அண்மையிலுள்ள விடையைத் தெரிகின்றது. இரண்டு விடைகளும் ஒன்றையொன்று நெருங்கும் இடத்தில் அது பிழையான விடைக்குத் தாவிவிடுதலும் உண்டு. திரையிற் கோலொன்று திடீரெனப் புரண்டு விழுவதைக் காணும் மாணவன் மென்பொருளைக் குறைகூறுவான். உண்மையில் அவன் கண்டது இருபடிச் சமன்பாட்டின் இரண்டாம் மூலத்தை.

வரைதற்கு முன் கணித்தல்

மென்பொருளில் வேலை நடைபெறும் முறை இது. முதலில் ஒவ்வோர் உறுப்பையுந் தளத்தில் வரைந்து அளவுகளையுங் கட்டுப்பாடுகளையும் இடுதல். அவ்வரைவுக்குத் தடிப்பளித்துத் திண்ம உருவாக்கல். பின்னர் உறுப்புக்களை ஒன்றுசேர்த்து, ஒன்றை நிலைப்படுத்தி, ஏனையவற்றை மூட்டுக்களால் இணைத்தல். ஈற்றில் ஒரு மூட்டுக்கு இயக்கங் கொடுத்து விளைவைக் காணல். இச்செய்கைகளைச் சில நாட்களிற் பழகிக்கொள்ளலாம். பழகுதற்கு அரியது, பொத்தானை அழுத்துமுன்பே விடையை ஓரளவேனும் எதிர்பார்த்து நிற்கும் அறிவு. அதற்கு இரண்டு கணிப்புக்கள் பெரிதும் உதவும்.

முதலாவது சுயாதீனப்படிகளின் எண்ணிக்கை. தளத்தில் இயங்கும் ஓர் உறுப்பு இரு திசைகளிற் பெயரலாம். ஒரு சுழற்சியுஞ் செய்யலாம். ஆக மூன்று சுயாதீனப்படிகள். ஆணி மூட்டொன்று அவற்றுள் இரண்டை நீக்கும். நான்கு உறுப்புக்களுள் ஒன்று நிலையானதாகலின், எஞ்சிய மூன்றும் ஒன்பது படிகள் உடையன, நான்கு மூட்டுக்கள் எட்டை நீக்குகின்றன, மீதி ஒன்று. அதாவது, ஒரு மூட்டுக்கு இயக்கங் கொடுத்தால் மற்றைய யாவும் வரையறுக்கப்படும். மூன்று கோல்களை முக்கோணமாக இணைப்பின் மீதி பூச்சியம். அது கூரைச்சட்டம் போல் அசையாது நிற்கும். ஐந்து கோல்களை வளையமாக இணைப்பின் மீதி இரண்டு. ஓரியக்கங் கொடுத்தால் அது போதாது. கோல்கள் நிலையற்று அலையும்.

இரண்டாவது, கிறாஷொவ் என்னும் ஜேர்மானியப் பொறியியலறிஞர் 1883 இல் வெளியிட்ட விதி. நான்கு கோல்களுள் மிகக் குறியதையும் மிக நெடியதையுங் கூட்டுக. எஞ்சிய இரண்டையுங் கூட்டுக. முதற்றொகை இரண்டாந் தொகையினும் மிகாதாயின், ஒரு கோலாயினும் முழுச்சுற்றுச் சுற்றவல்லதாம். நம் எடுத்துக்காட்டில் 5 உம் 40 உம் சேர்ந்து 45. 38 உம் 16 உம் சேர்ந்து 54. மிகக் குறிய கோல் சட்டத்தோடு அடுத்து நிற்பதால் அது முழுச்சுற்றுச் சுற்றும், எதிர்க்கோல் ஆடும்.

ஆடும் அளவையுங் கணிக்கலாம். சுழல்கோலும் இணைகோலும் ஒரே கோட்டில் நீண்டு நிற்கும்போது அவற்றின் மொத்த நீளம் 43. ஒன்றன்மேலொன்று மடங்கி நிற்கும்போது 33. இவ்விரு நீளங்களையும் முறையே 40, 16 என்பவற்றோடு கூட்டி முக்கோணம் அமைத்துக் கோசைன் விதியைப் பிரயோகித்தால், ஆடுகோல் சட்டத்தோடு ஆக்குங் கோணம் ஏறத்தாழ 89.7 பாகைக்கும் 53.2 பாகைக்கும் இடையில் மாறுவது காணப்படும். வேறுபாடு 36½ பாகை. இதனைக் கடதாசியிற் குறித்து வைத்தபின் உருவகத்தை இயக்குக. திரையும் 36½ என்று காட்டுமாயின் வரைவு சரியென்று துணியலாம். வேறெண்ணைக் காட்டுமாயின் எங்கோ ஒரு மூட்டு இடம்மாறியுள்ளது. கணிப்பின்றி இயக்கியவனுக்கு எந்த எண்ணுஞ் சரியாகவே தோன்றும்.

திரை மறைப்பன

இனி, உருவகம் நம்மை ஏமாற்றத்தக்க இடங்களை நோக்குவாம்.

சில்லை மிகுதியாகச் சுழற்ற விரும்பிய ஒருவன் சுழல்கோலின் நீளத்தை 5 இலிருந்து 15 ஆக மாற்றுகின்றான் என்க. 15 உம் 40 உம் சேர்ந்து 55. இது 54 இனும் பெரிது. விதிப்படி இப்பொறிமுறையில் எக்கோலும் முழுச்சுற்றுச் சுற்றமாட்டாது. ஆயினும் திரையிற் சுழல்கோலைப் பற்றி இழுத்தால் அது நன்றாகவே அசையும். 360 பாகையுள் ஏறத்தாழ 49 பாகை மாத்திரமே அதற்கு எட்டாதவை. அவை ஆடுகோலின் அச்சுக்கு மறுபுறத்தே உள்ளன. அப்பக்கஞ் செல்லாது சிறிதளவு இழுத்துப் பார்த்தவன், பொறிமுறை இயங்குகின்றதென்றே முடிவுசெய்வான். சுழல்கோல் 14 ஆயிருப்பின் நிலைமை இன்னும் நுட்பமானது. இரு தொகைகளும் 54 ஆகி, ஒரு நிலையில் நான்கு கோல்களும் ஒரே நேர்கோட்டிற் படுக்கும். திரையில் 14 என்பது மயிரிழையும் பிசகாத 14. பட்டறையிலோ துளையின் தளர்வும் அரத்தின் தேய்வும் கூடிக் குறைந்து, ஒருகால் இறுகி நிற்கும். ஒருகால் புரண்டு செல்லும். எல்லையில் நிற்கும் அளவைத் திரை ஏற்றுக்கொண்டதாயினும் அதனை நம்பி இரும்பை வெட்டலாகாது.

அடுத்தது செலுத்துபவர் யார் என்னும் வினா. கற்போர் பெரும்பாலுஞ் சுழல்கோலின் மூட்டுக்கே இயக்கங் கொடுப்பர். அது தங்குதடையின்றிச் சுற்றும். தையலியந்திரத்திற் செலுத்துவது சில்லன்று, கால். சுழல்கோலும் இணைகோலும் ஒரே கோட்டில் நிற்கும் இரு நிலைகளிலும், இணைகோலின் விசை சில்லின் அச்சினூடாகவே செல்லும். அதற்குத் திருப்புதிறன் இல்லை. எத்துணை வலிந்து மிதிப்பினுஞ் சில்லு திரும்பாது. இவை இறந்த நிலைகள் எனப்படும். அவற்றைக் கடத்துவது பாரித்த சில்லின் சடத்துவமே. புதிதாகத் தையல் பழகுவோரின் சில்லு சில வேளைகளில் முன்னோக்காது பின்னோக்கிச் சுழன்று நூலை அறுப்பதும் இதனாலேயே. உருவகத்தில் இயக்கத்தை ஆடுகோலுக்கு மாற்றிக் கொடுத்துப் பார்க்க. சில்லு இறந்த நிலையை அடைந்து, அப்பாற் செல்லாது வந்த வழியே திரும்புதல் கூடும். கேத்திரகணித உருவகத்திற்குத் திணிவு இல்லை, உந்தம் இல்லை, உராய்வு இல்லை. அவற்றைச் சேர்த்துக் கணிக்கும் இயக்கவிசையியல் உருவகம் வேறு. இரண்டையும் மயங்கக் கொள்ளுதல் பெரும்பிழை.

மூன்றாவது திண்மங்களின் மோதல். இரு திண்மங்கள் ஒரே இடத்தை ஒருங்கே கொள்ளமாட்டா என்பது நமக்கு இயல்பான அறிவு. கணனிக்கு அது சொல்லித் தரப்படல் வேண்டும். சொல்லாவிடின் இணைகோல் அச்சினூடே ஊடுருவிச் செல்வதைத் திரை எவ்விதத் தயக்கமுமின்றிக் காட்டும். நம் பொறிமுறையிற் கோல்கள் மடங்கும் நிலையில் இணைகோல் சில்லின் அச்சை மேவியே செல்கின்றது. ஆகையால் அதனை அச்சின் நுனிக்கு வெளியே, வேறு படையில் அமைத்தல் வேண்டும். மோதலைச் சோதிக்குமாறு பணித்தபோதும், கணனி சோதிப்பது அது கண்ட நிலைகளை மாத்திரமே. முப்பது பாகைக்கு ஒருமுறை நோக்கினால், இடையில் நிகழும் மோதல் அறியப்படாது ஒழியும்.

இறுதியாக, மூட்டுக்களின் மிகை. மென்பொருள் தளத்தில் அன்றி வெளியிலேயே உறுப்புக்களை ஒன்றுசேர்க்கின்றது. வெளியில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஆறு சுயாதீனப்படிகள்; ஆணி மூட்டு அவற்றுள் ஐந்தை நீக்கும். மூன்று அசையும் உறுப்புக்களுக்குப் பதினெட்டு. நான்கு மூட்டுக்கள் நீக்குவன இருபது. மீதி மறை இரண்டு! இக்கணக்கின்படி நான்குகோற் பொறிமுறை அசையவே கூடாது. ஆயினும் அது திரையில் அசைகின்றது. மென்பொருள் ‘கட்டுப்பாடு மிகையானது’ என்று எச்சரிப்பதும் உண்டு. மாணவர் பலர் இவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தார். அதன் பொருள் ஆழமானது. நான்கு ஆணிகளும் முற்றாகச் சமாந்தரமாயிருத்தலினாலேயே பொறிமுறை அசைகின்றது. அவற்றுள் ஒன்று சாயினும் இறுகிவிடும். திரையிற் சமாந்தரம் இலவசம். பட்டறையில் அதற்கு உழைப்புந் திறமையும் விலையாகக் கொடுத்தல் வேண்டும். இதற்குப் பழைய கம்மியர் கண்ட பரிகாரம் ஒன்றுண்டு. இணைகோலின் இருமுனைகளிலுங் குண்டு மூட்டுக்களை வைத்தால், ஒவ்வொன்றும் மூன்று படிகளை மாத்திரம் நீக்கும். அப்போது நீக்கப்படுவன பதினாறு; மீதி இரண்டு. அவற்றுள் ஒன்று நாம் வேண்டும் இயக்கம். மற்றையது இணைகோல் தன் நெடுக்கைப் பற்றித் தானே உருளுதல். அதனால் யாதுந் தீங்கில்லை. சில்லுஞ் சட்டமுஞ் சிறிது கோணலாக அமைந்தாலும் இப்பொறிமுறை இறுகாது இயங்கும். ஓர் எச்சரிக்கையின் காரணத்தை ஆராய்ந்தவன் ஒரு நல்ல வடிவமைப்பையே பெற்றுவிடுகின்றான்.

கற்பிக்கும் முறை

2013 ஆம் ஆண்டில் இலங்கையின் உயர்தர வகுப்புக்களுக்குத் தொழினுட்பப் பிரிவு புகுத்தப்பட்ட பின்னர், பொறியியற் கருத்துக்களைக் கற்கும் மாணவர் தொகை பெருகியுள்ளது. அவர்களுக்கு மேற்கூறியவற்றை எவ்வாறு பயிற்றலாம்?

முதலிற் கடினமான மட்டையிற் கோல்களை வெட்டிக் குத்தூசிகளாற் பொருத்திக் கையால் அசைக்கச் செய்க. இறுக்கம், தளர்வு, இறந்த நிலை என்பவற்றை விரல் உணர்ந்த பின்னரே திரை பொருளுடையதாகும். அடுத்துச் சுயாதீனப்படிகளை எண்ணி, கிறாஷொவ் விதியைப் பிரயோகித்து, ஆடுங் கோணத்தைக் கணித்து எழுதுமாறு பணிக்க. அதன் பின்னரே கணனியைத் திறத்தல் தகும். உருவகத்தில் ஓர் அளவை மாத்திரம் மாற்றி, விளைவை முன்னரே கூறச்செய்து, பின்னர் இயக்கிக் காட்டுக. மதிப்பெண் திரையில் ஆடும் படத்தின் அழகுக்கன்று; இயக்குவதற்கு முன் மாணவன் எழுதிவைத்த எதிர்பார்ப்புக்கும், அது பொய்த்த இடத்தில் அவன் கண்ட காரணத்துக்கும் அளிக்கப்படல் வேண்டும்.

இவ்வாறு கற்பிக்கப்படுமாயின், நம் பாடசாலைகளிற் பிரிந்து கிடக்கும் இருவகைக் கல்விகள் ஒன்றுசேரும். கோசைன் விதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்யும் மாணவன், அது மிதிபலகை ஆடும் அளவைக் கூறுவதைக் காண்பான். பட்டறையில் அனுபவத்தால் அளவிடுபவன், தன் கையறிவுக்குப் பின்னால் ஒரு கணிதம் இருப்பதை அறிவான். எண்பது ஆண்டுகளாக அறிஞர் தேடிய நேர்கோட்டுப் பொறிமுறையை இன்று ஒரு மாணவன் ஒரு பிற்பகலில் வரைந்து இயக்கிவிடலாம். அவ்வசதி அவனை அவ்வறிஞர்களுக்கு நிகராக்காது. அவர்கள் கேட்ட வினாக்களைக் கேட்பதற்கு வேண்டிய ஓய்வை மாத்திரம் அவனுக்கு அளிக்கும்.

கணனி கேட்ட வினாவுக்கு விடை தரும். கேளாத வினாவைக் குறித்து வாளாவிருக்கும். சில்லைச் சுற்றினால் என்ன நிகழும் என்று கேட்டவனுக்கு அது சொல்லும். மிதிப்பவனின் கால் எங்கே வலிவிழக்கும், ஆணி சாய்ந்தால் யாது நிகழும், கோல் எதனோடு மோதும் என்பவற்றைக் கேட்டற்குரியவன் மாணவனே. அவ்வினாக்களைத் தோற்றுவிப்பதே ஆசிரியரின் கடன். அவை தோன்றியபின் திரையில் இயங்கும் பொறிமுறை, இரும்பை வெட்டுமுன் பிழையைக் காட்டும் பயனுடைய கருவியாகும்.